முடக்குவாதமும் பீஸ் ரேட்டும்

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் என் மனைவிக்கு வயது 38. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்குவதில்லை. மூட்டுத் தேய்மானம் என்கிறார்கள். வேலையை விட வேண்டுமா?
– வாசகர், அவிநாசி

பதில்: தேய்மானம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தேய்மானத்தில் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும்; அதைத் தாண்டி நீடித்து, இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கியிருந்தால், உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்கும் முடக்குவாதமாக இருக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். மூட்டுவாத நிபுணரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட்டால் எலும்பு அரிக்கப்பட்டு விரல்கள் கோணிவிடும். பிறகு மருந்தால் அவற்றை நிமிர்த்த இயலாது. இந்நோய்க்குப் பெரும்பாலும் முதலில் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டும்; தவறித் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

வேலையை இப்போதே விட வேண்டியதில்லை. தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி தரும் பீஸ் ரேட்டில் விரல் மெதுவானால் கூலி குறைகிறது, மருத்துவமனைக்குப் போகும் நாளில் கூலியே இல்லை என்பதால்தான் பலரும் கடையில் வலி மாத்திரை வாங்கிக் காலம் தள்ளுகிறார்கள்; அது வலியை அடக்குமே தவிர மூட்டின் சிதைவை நிறுத்தாது. அவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சந்தா பிடிக்கப்படுகிறதா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். தகுதி இருப்பின், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 விழுக்காடு கூலி கிடைக்கும்.