மூக்கில் சதை: அறுத்தாலும் ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி: எனக்கு வயது 42. மூக்கில் சதை வளர்ந்து இரண்டு முறை ஆபரேஷன் ஆகிவிட்டது. இப்போது மறுபடியும் அடைப்பு. சாம்பார் வாசனைகூடத் தெரியவில்லை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஈசினோஃபில் அதிகம்’ என்று இருக்கிறது. சதைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், டாக்டர்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: ‘சதை’ என்று பேர் வந்துவிட்டதே தவிர, அதில் ஒரு நார்கூடத் தசை கிடையாது. சைனஸ் அறையின் உட்சவ்வு நீர் கோத்துத் தொங்குவதுதான் பாலிப். எண்டோஸ்கோப்பியில் உரித்த நுங்கு மாதிரி வெளிறிப் பளபளக்கும், தொட்டால் வலிக்காது. அந்த நீர் வடியாமல் தேங்கி நிற்பதற்குக் காரணம் நம் நோய் எதிர்ப்பு அணுக்களே.

பூஞ்சையோ, ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் நச்சோ பட்டுச் சவ்வின் மேல்படலம் சிதையும்போது அது அபாயக் குரல் கொடுக்கிறது. அதைக் கேட்டு ஐஎல்சி2, டிஹெச்2 என்ற இரு வகை வெள்ளணுக்கள் கிளம்பி, மூன்று புரதங்களைச் சுரக்கின்றன. ஐஎல்-5, எலும்பு மஜ்ஜையில் ஈசினோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களைப் பெருக்கி, அவற்றைச் சீக்கிரம் சாகவிடாமல் காக்கிறது. ஐஎல்-13 சளியைக் கூட்டுகிறது. ஐஎல்-4, பி செல் என்ற வெள்ளணுக்களை ஐஜிஇ என்ற அலர்ஜிப் புரதத்தைத் தயாரிக்க வைக்கிறது; அந்த ஐஜிஇ ஒட்டிய மாஸ்ட் செல் என்ற அணுக்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்ட, ரத்தக் குழாய்கள் கசிகின்றன.

கசிந்த நீரில் ஃபைப்ரின் என்ற, ரத்தத்தை உறைய வைக்கும் புரதம் வலைபோல் உறைகிறது. அந்த வலை கரைய உதவும் டிபிஏ என்ற நொதி பாலிப்பில் குறைவு. நீர் வலைக்குள் சிக்கிக்கொள்கிறது. குடற்புழுக்களை எதிர்க்க வேண்டிய ஈசினோஃபில்கள் இங்கே எதிரியே இல்லாமல் வெடித்து, ஊசி முனை கொண்ட படிகங்களை விட்டுச் செல்கின்றன. அந்தப் படிகங்கள் அழற்சியை மேலும் கிளறிவிடும்.

ஆபரேஷன் வீங்கிய சவ்வை எடுத்து சைனஸ் வாயைத் திறந்துவிடும். அணுக்களின் போக்கை அது மாற்றாது. ஸ்டீராய்டு ஸ்ப்ரே உள்ளே போய்ச் சேர வழி திறந்ததுதான் பெரிய லாபம். அந்த ஸ்ப்ரேயை ‘மூக்கு திறந்துவிட்டதே’ என்று நிறுத்திவிடும்போதுதான் பெரும்பாலும் சதை திரும்புகிறது.

அடிக்கும் முறையிலும் தவறு நடக்கிறது. முதலில் உப்புநீரால் மூக்கைக் கழுவுங்கள்: கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் அரை லிட்டருக்கு 4.5 கிராம் உப்பு, சுமார் முக்கால் டீஸ்பூன். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா அதில் இருக்கக்கூடும். 10 நிமிடம் கழித்துத் தலையைச் சற்றுக் குனிந்து, இடது மூக்குக்கு வலது கையாலும் வலது மூக்குக்கு இடது கையாலும், காதுப் பக்கம் பார்த்து அடியுங்கள். நடுச்சுவரில் பட்டால் ரத்தம் வரும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

உங்களுக்கு வீசிங் உண்டா? ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் சாப்பிட்டதும் மூச்சு இறுகியதுண்டா? இருந்தால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். சதை, வீசிங், இந்த மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாமை மூன்றும் சேர்ந்த நோயாளிக்குச் சதை மிகப் பிடிவாதமாகத் திரும்பும். சாதாரண வலி மாத்திரையே உயிருக்கு ஆபத்தாகலாம்.

கேள்வி: இதற்கு ஊசி வந்திருக்கிறதாமே? எல்லோரும் போடலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: அமெரிக்காவில் 2019-ல் டுபிலுமாப் என்ற ஊசி மூக்குச் சதைக்கு அனுமதி பெற்றது. ஐஎல்-4, ஐஎல்-13 இரண்டின் செய்தியையும் அது தடுக்கிறது; 300 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தோலுக்கடியில். ஐஜிஇ-யைப் பிடிக்கும் ஒமலிசுமாபும் (2020) ஐஎல்-5-ஐப் பிடிக்கும் மெபோலிசுமாபும் (2021) பின்னால் வந்தன. விலை மிக அதிகம். ஸ்ப்ரேயும் ஆபரேஷனும் கைகொடுக்காதவர்களுக்கு மட்டுமே இதை யோசிக்கலாம். எல்லாப் பாலிப்பும் ஈசினோஃபில் வகை அல்ல. நியூட்ரோஃபில் என்ற வேறு வெள்ளணு மிகுந்த வகையில் ஸ்டீராய்டே சரியாக எடுபடாது. எனவே பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. ஒரு பக்க மூக்கில் மட்டும் சதை என்கிறார்கள். ஸ்ப்ரே போதுமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: போதாது. மேலே சொன்ன அழற்சிப் பாலிப் பெரும்பாலும் இரு பக்கமும் வரும். ஒரே பக்கம் என்றால் கட்டியா, பூஞ்சையா, மூளைச் சவ்வு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்கேன் எடுக்காமல் பயாப்ஸிக்கோ ஆபரேஷனுக்கோ சம்மதிக்காதீர்கள்.