கோலாலம்பூரில் வேலை போய்விட்டது, கார்டு கடன் 70,000 வெள்ளி (ரிங்கிட்). என்னைத் திவாலாக்கிவிடுவார்களா?

இப்போதைக்கு முடியாது. கடன் 100,000 வெள்ளியைத் தொட்டால்தான் திவால் மனு போடலாம். ஆனால் வட்டி ஏறும். வழக்குப் போட்டு வங்கிக் கணக்கை முடக்கவும் வழி உண்டு.

முதலில் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்புக்குப் போங்கள். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய அமைப்பு இது, கட்டணமில்லை. வங்கிகளிடம் பேசி எல்லாக் கடனையும் கட்டக்கூடிய ஒரே தவணையாக்கித் தருவார்கள். செலவு போக மாதம் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும் என்பதுதான் சிக்கல். அதனால் பகுதிநேர வேலையாவது பிடித்துவிட்டுப் போவது நல்லது. ஆலோங் (உரிமமில்லா வட்டிக்காரர்) கடன் இதில் சேராது.

இன்னொரு வழி, திவால் ஆணை வருமுன் நீதிமன்றம் மூலம் கடன் கொடுத்தவர்களோடு செய்யும் தன்விருப்ப ஏற்பாடு. இது திவால் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்தது.

திவாலே ஆனாலும், விதித்த தொகையைக் கட்டி, கணக்கை ஒழுங்காகக் காட்டினால் 3 ஆண்டில் விடுபடலாம். அதுவரை அனுமதியின்றி வெளிநாடு போக முடியாது. சிங்கப்பூர் வேலைக் கனவு இருந்தால் இதையும் யோசியுங்கள்.