சுங்கச் சீர்திருத்தத்துக்கு வெள்ளோட்டம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: புதிய சுங்க நடைமுறைகளை ஒரு சில நிறுவனங்களோடு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் சோதித்துப் பார்க்கிறார்களே, இது வேண்டியவர்களுக்குக் காட்டும் சலுகை ஆகிவிடாதா? சோதனை வெற்றி பெற்றதா என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

பதில்: இத்தகைய சோதனைகளில் பொதுவாகத் தீர்வையைத் தள்ளுபடி செய்வதில்லை, ஆவணத்தை எப்போது, எந்த வடிவில் தர வேண்டும், சரக்கை எங்கே பரிசோதிக்க வேண்டும் என்பன போன்ற விதிகளையே தளர்த்துகிறார்கள். 2016-இல் பிரிட்டனின் நிதித்துறை ஒழுங்குமுறை ஆணையம், நிறுவனங்கள் புதிய சேவைகளைக் கண்காணிப்பின் கீழ் சோதித்துப் பார்க்கத் தொடங்கிய சோதனைக்களமே இந்த முறையைப் பரவலாக அறியச் செய்தது. சுங்கத்திலும் அந்நாடு 2022-23-இல், வணிக நிறுவனங்களின் சொந்தத் தரவுகளையும் சரக்குப் பெட்டகங்களில் (கண்டெய்னர்களில்) பூட்டிய மின்னணு முத்திரைகளையும் நம்பி எல்லைப் பரிசோதனையைக் குறைக்க முடியுமா என்று முன்னோட்டம் நடத்தியது.

சலுகை குறித்த உங்கள் ஐயம் நியாயமானதே. 2017-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமையாக்க ஒப்பந்தம், நம்பகமான வணிகர்களுக்குத் தனி வசதி தர அனுமதித்தாலும், அதற்கான தகுதிகள் காரணமின்றிப் பாகுபாடு காட்டக் கூடாது என்றும், இயன்றவரை சிறு, நடுத்தர நிறுவனங்களை ஒதுக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. தாமாக முன்வந்து சேரும் நிறுவனங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே ஒழுங்காகக் கணக்குக் காட்டுபவையாகவே இருக்கும். அவற்றின் சரக்கில் குற்றம் எதுவும் சிக்கவில்லை என்பதற்காகப் புதிய முறையைப் பாராட்டிவிட முடியாது. அதே வகைச் சரக்கு பழைய முறையில் வரும்போது என்ன ஆகிறது என்பதையும் அருகிலேயே அளக்க வேண்டும். சோதனைக்குள் வரும் பெட்டகங்களிலும் சிலவற்றை முன்னறிவிப்பின்றிக் குலுக்கல் முறையில் திறந்து பார்க்க வேண்டும். அப்படி 300 பெட்டகங்களைத் திறந்து ஒன்றில்கூடப் பிழை இல்லாவிட்டாலும், புள்ளியியல் கணக்கின்படி 95 விழுக்காடு உறுதியோடு சொல்லக்கூடியது, பிழை விகிதம் ஏறத்தாழ 1 விழுக்காட்டுக்கு மேல் இராது என்பது மட்டுமே. போதைப்பொருளோ நோய் தாங்கிய தாவரமோ வரக்கூடிய வழியில் அந்த 1 விழுக்காடு மிகப் பெரிது. சரக்கு விடுவிப்பு நேரம் பாதியானது என்று மட்டும் எழுதி முடிக்கும் அறிக்கையை (அப்படி எழுதத்தான் எல்லோருக்கும் ஆசை) நான் சோதனை முடிவாகவே ஏற்கமாட்டேன்.

கேள்வி: ஒரு நாடு தனியாகச் சோதித்தால் போதுமா?

பதில்: ஆவணம் எல்லை தாண்டிச் செல்ல வேண்டியிருந்தால் போதாது. 2020-இல் ஆஸ்திரேலியாவும் சிங்கப்பூரும், சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் தோற்றச் சான்றிதழ்களைக் கியூஆர் குறியீட்டின் மூலம் மின்னணு முறையில் சரிபார்க்கும் முயற்சியைக் கூட்டாகவே மேற்கொண்டன. சட்டமும் கூடவே மாற வேண்டும்: பிரிட்டனில் மின்னணுக் கப்பல் சரக்குப் பத்திரத்துக்கு (கப்பலில் ஏற்றிய சரக்கைப் பெறும் உரிமையைக் காட்டும் ஆவணம்) காகிதப் பத்திரத்துக்குரிய தகுதியைத் தந்தது, 2023-இல் இயற்றப்பட்ட மின்னணு வர்த்தக ஆவணச் சட்டம்தான். தொழில்நுட்பம் அதற்கு வெகுகாலம் முன்பே தயாராக இருந்தது.