தென்னந்தோப்பை அடமானம் வைப்பதற்கு முன்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ உயிரியல் பிரிவில் 78 விழுக்காடு எடுத்திருக்கிறாள். நீட் தேர்வில் தகுதி மட்டும் பெற்றாள். இங்கே இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் தாய்மாமன், தோப்பை அடமானம் வைத்தாவது வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க வைக்கச் சொல்கிறார். முதல் தவணைக்குத் தாம் பொறுப்பு என்கிறார். பெரியப்பா மகன் ஐஐடியில் படிப்பதால், "அவனுக்கு மூளை, இவளுக்கு வாய்" என்று உறவில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு செய்தி இருக்கிறது. சித்தியின் காது கேளாத மகனை ஷொர்ணூருக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் இவளும் உடன் போகிறாள். அந்த வேலையே தனக்குப் பிடித்திருக்கிறது என்கிறாள்.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் நீங்கள் கேட்பதுபோல் எந்த நாட்டில் கட்டணம் குறைவு என்று நான் சொல்லப்போவதில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதங்கள் பயிற்சி, இந்தியா திரும்பிய பின் மீண்டும் 12 மாதங்கள் பயிற்சி. இவற்றோடு தகுதித் தேர்வு ஒன்றும் உண்டு; அதை எழுதுவோரில் பொதுவாகத் தேறாதவர்களே அதிகம். இத்தனை ஆண்டுகளும் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் தவணையைத் தாய்மாமன் கட்டலாம். மூன்றாவது, நான்காவது தவணைகளை யார் கட்டுவது என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். மகள் கேட்காத ஒரு படிப்புக்காகக் குடும்பத்தின் ஒரே வருமானத்தை அடமானம் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மூளை ஒருவருக்கு, வாய் இன்னொருவருக்கு என்று பங்கு பிரிப்பது இரண்டு பிள்ளைகளுக்குமே கேடு. டிரான்சிஸ்டர் ஆய்வுக்காக 1956இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் ஷாக்லியின் அறிவை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. கலிபோர்னியாவில் தாம் நடத்திய ஆய்வகத்துக்குத் திறமை மிக்க இளைஞர்களைத் தேடித் தேடிச் சேர்த்தவரும் அவர்தான். ஆனால் அவர்களைச் சந்தேகித்தும் அடக்கியும் நடத்தியதால், 1957இல் எட்டுப் பேர் ஒன்றாக வெளியேறி ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் இருவரும் 1968இல் இன்டெல் நிறுவனத்தை நிறுவினார்கள். ஷாக்லியின் நிறுவனமோ எழவே இல்லை. உங்கள் அண்ணன் மகனுக்கும் இதைச் சொல்லுங்கள். ஐஐடி பட்டம் அவனை வேலை வாசல்வரை கொண்டுபோகும், உள்ளே அவன் மனிதர்களோடுதான் வேலை செய்தாக வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு மதிப்பெண்ணும் படிப்பறிவும் எதற்கு என்று கேட்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஹார்வர்டு பொருளியலாளர் டேவிட் டெமிங் 2017இல் வெளியிட்ட ஆய்வு, 1980க்கும் 2012க்கும் இடையில் அமெரிக்காவில் மனிதர்களோடு அதிகம் பழக வேண்டிய வேலைகளின் பங்கு ஏறக்குறைய 12 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்ததைக் காட்டியது. கணக்குத் திறன் மிகுதியாகவும் பழகும் திறன் குறைவாகவும் தேவைப்படும் வேலைகளின் பங்கு அதே காலத்தில் சுருங்கியது. வேலையும் சம்பளமும் கூடுதலாக வளர்ந்தது இரண்டு திறனும் சேர்ந்து தேவைப்படும் இடங்களில்தான். அமெரிக்கக் கணக்கை அப்படியே உங்கள் சித்தூர் தாலுகாவுக்குப் பொருத்த முடியாது. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்ற அளவில் அது நமக்கும் பொருந்துகிறது.

உங்கள் மகள் சுட்டிக்காட்டிய வேலை அப்படிப்பட்டது. அதன் பட்டப்படிப்பு பிஏஎஸ்எல்பி. செவித்திறனையும் பேச்சு, மொழிக் குறைபாடுகளையும் கண்டறிந்து சீர்செய்யும் படிப்பு. அந்த அறையில் நடப்பதை அவள் பார்த்திருக்கிறாள், நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள். காக்ளியர் இம்ப்ளான்ட் என்னும், அறுவை சிகிச்சை மூலம் பொருத்தப்படும் செவிக் கருவியைப் பெற்ற குழந்தையின் கையில் ஒரு பாசிமணியைக் கொடுத்து, பயிற்சியாளர் தம் உதட்டசைவு தெரியாதபடி வாயை மறைத்துக்கொண்டு "ஆ", "ஊ", "ஈ", "ம்", "ஷ்", "ஸ்" என்ற ஆறு ஒலிகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒலி கேட்டதும் குழந்தை மணியைக் கிண்ணத்தில் போட வேண்டும். "ம்" என்பதற்குப் போட்ட குழந்தை "ஸ்" என்பதற்குப் போடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஸ்" உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலி. கருவியை அதற்கேற்ப மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கலாம், பேட்டரி தீர்ந்திருக்கலாம், பிள்ளைக்குப் பசியாக இருக்கலாம், விளையாட்டு சலித்திருக்கலாம். அதற்கு முன் சரியாகப் போட்டதுகூட, பக்கத்திலிருந்த தாய் தெரியாமல் தலையசைத்ததால் இருக்கலாம். இவற்றில் எது என்று சில நிமிடங்களில் கண்டுபிடிக்க ஒலியியலும் காதின் உடற்கூறும் தெரிய வேண்டும். குழந்தையின் கண்ணையும் தாயின் முகத்தையும் படிக்கவும் தெரிய வேண்டும்.

அதைவிடக் கடினமான பகுதி அதன் பிறகு வருகிறது. வாரத்தில் ஒன்றிரண்டு வகுப்புகளால் குழந்தைக்குப் பேச்சு வந்துவிடாது. வீட்டில் சமைக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் தாய் பேசிக்கொண்டே இருந்தால்தான் வரும். களைத்துப்போன, பிறர் பேச்சால் நொந்துபோன ஒரு தாயை அதற்கு இணங்க வைப்பதும் இந்தத் தொழிலின் வேலைதான். நம் எல்லைப் பகுதியில் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வளரும் குழந்தைகள் நிறைய. தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை மலையாள ஒலிகளில் தடுமாறுவதைக் குறைபாடு என்று தவறாகக் கணிக்கும் அபாயம் உண்டு. இரு மொழியிலும் வளர்ந்த உங்கள் மகளுக்கு அந்த வித்தியாசம் காதிலேயே தெரியும். உறவினர் "வாய்" என்று ஒதுக்கியது இந்தத் தகுதியைத்தான். ஒன்று மட்டும் அவளிடம் சொல்லிவையுங்கள்: கலகலப்பாகப் பேசுவது வேறு, எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பது வேறு. இரண்டாவது பழக்கத்தால் வருவது. அதை இப்போதே பழகத் தொடங்கட்டும்.

நான்காண்டுப் படிப்பு, அதில் கடைசி ஆண்டு பயிற்சி. கேரளத்தில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் மாநில அரசின் எல்பிஎஸ் மையம் வழியாக இடம் ஒதுக்குகிறார்கள். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 1997இல் தொடங்கிய நிஷ் எனப்படும் தேசியப் பேச்சு, கேட்டல் நிறுவனம், ஷொர்ணூர் கவளப்பாறையில் உள்ள ஐகான்ஸ் நிறுவனம் ஆகிய இரண்டும் உங்கள் மாநிலத்திலேயே இருக்கின்றன. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தனியார் கல்லூரி என்றால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் இந்த ஆண்டுக்கு நடப்பில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது. அந்தக் கவுன்சிலில் பதிவு இல்லாமல் இத்தொழிலைச் செய்ய முடியாது.

வேலை காது மூக்கு தொண்டைப் பிரிவுகளில் மட்டும் இல்லை. பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்கள், விழுங்கச் சிரமப்படும் முதியவர்கள், திக்குவாய் உள்ளவர்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் இவர்கள் தேவை. குழந்தைகளின் குறைபாடுகளை இளம் வயதிலேயே கண்டறிந்து உதவும் மாவட்டத் தொடக்கநிலைத் தலையீட்டு மையங்களிலும் இவர்களுக்கு இடம் உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசமாக இம்ப்ளான்ட் பொருத்தும் கேரள அரசின் சுருதிதரங்கம் போன்ற திட்டத்தில், அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் நீண்ட பயிற்சி முழுவதும் இவர்கள் பொறுப்பு. தொடக்கச் சம்பளம் குறைவாகவே இருக்கும் என்பதை மறைக்க மாட்டேன். இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு முடித்தால் நிலை மாறும். தோப்பை விற்காமலே அதையும் படிக்க வைக்கலாம்.

அடுத்த முறை ஷொர்ணூர் போகும்போது, அனுமதி கேட்டு மகளை ஒரு நாள் முழுவதும் அங்கே உட்கார வையுங்கள். சித்தி மகன்மீதுள்ள பாசமா, தொழில்மீதுள்ள விருப்பமா என்பது முன்பின் தெரியாத பிள்ளைகளைப் பார்க்கும்போது அவளுக்கே விளங்கும். விளங்கியபின் அவள் வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வேண்டும் என்றால், எல்பிஎஸ் அறிவிப்பு வந்தவுடன் விண்ணப்பியுங்கள். முதல் ஒதுக்கீட்டில் இடம் வராவிட்டால் பதறிப்போய் யாரிடமும் முன்பணம் கட்ட வேண்டாம்; அடுத்தடுத்த ஒதுக்கீடுகள் முடியும்வரை பொறுத்திருங்கள்.