குழந்தைக்கான காத்திருப்பும் மனபாரமும்: ஆலோசகரிடம் கேளுங்கள்

கேள்வி: மேடம், டென்ஷன் ஆகாமல் இருந்தால் கரு தானாக நிற்கும் என்கிறார் மாமியார். உண்மையா?

பதில்: இல்லை. ஐ.வி.எஃப். (கருவை ஆய்வகத்தில் உருவாக்கிக் கருப்பைக்குள் வைக்கும் சிகிச்சை) போன்றவற்றைச் செய்துகொண்ட மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய 14 ஆய்வுகளைத் தொகுத்து, 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. சிகிச்சைக்கு முன்பு இருந்த மன உளைச்சலுக்கும் கரு நின்றதா இல்லையா என்பதற்கும் அதில் தொடர்பு தெரியவில்லை. அழுததால்தான் தங்கவில்லை என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கவலைக்கு உதவி தேடுங்கள், ஆனால் அது நீங்கள் நிம்மதியாகத் தூங்குவதற்காக.

கேள்வி: ரிப்போர்ட் அனுப்புகிறேன். அடுத்த முறை எந்த ஊசி நல்லது?

பதில்: உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நான் மனநல ஆலோசகர்.

கேள்வி: கருவை உள்ளே வைத்து ஆறு நாள். மார்பு வலி, வயிறு உப்பல். நல்ல அறிகுறிதானே? வீட்டிலேயே டெஸ்ட் பண்ணட்டுமா?

பதில்: கரு தங்க உதவியாகக் கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மருந்தே இதையெல்லாம் செய்யும். அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அவசரப்பட்டு டெஸ்ட் செய்தால், முட்டை வெளிவரப் போட்ட ஹெச்.சி.ஜி. ஊசியின் மிச்சமே சிலருக்கு இரண்டு கோடு காட்டிவிடும்; டெஸ்ட் தேடுவதும் அதே ஹார்மோனைத்தான். அப்புறம் ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தால் இரட்டை அடி.

முடிவைச் சொல்லும் போன் பெரும்பாலும் வேலை நேரத்தில்தான் வரும். பக்கத்து மேஜைக்காரர் பார்க்க, முகத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருப்பது கொடுமை. யார் நம்பருக்கு, எத்தனை மணிக்குக் கூப்பிட வேண்டும் என்று கிளினிக்கில் இப்போதே சொல்லிவையுங்கள். இருவரும் சேர்ந்து கேளுங்கள்.

கேள்வி: டூர் போய் மனசை லேசாக்கினால் நிற்குமா?

பதில்: முதல் கேள்விக்குச் சொன்ன பதில்தான். டூர் பிடித்தால் போய்வாருங்கள்.

கேள்வி: குறை கணவரிடம். விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர், அப்புறம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஊர்ப் பேச்செல்லாம் எனக்கு. ஆண்களுக்கு வலிக்கவே வலிக்காதா?

பதில்: வலிக்கும். ஏறக்குறைய பாதித் தம்பதிகளிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. ஆனால் ஏச்சு வாங்குவது நீங்கள்தான், அந்தக் கோபம் நியாயமே.

இன்னொருவர் (குறுக்கே): நானும் அப்படி ஒரு கணவன்தான். பேசினால் அவள் உடைந்துவிடுவாள் என்றுதான் பேசவில்லை. அதற்குப் பெயர் கல்நெஞ்சமா?

முன்பு கேட்டவர்: நீங்கள் பேசாததால்தான் உடைகிறோம் சார்! உங்கள் அம்மாவிடம் ‘குறை எனக்கு’ என்று ஒரு வரி சொல்லியிருக்கிறீர்களா?

அவர்: இல்லை.

பதில்: சண்டை நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது, நானும் நுழைகிறேன். ஐயா, உங்கள் மௌனம் அவருக்குப் பாதுகாப்பு இல்லை. வீட்டாருக்கு எவ்வளவு சொல்வது என்று இருவரும் பேசி முடிவெடுங்கள். உங்கள் வீட்டாரிடம் நீங்களே சொல்லுங்கள். விவரம் வேண்டாம், “சிகிச்சை எங்கள் இருவருக்கும் நடக்கிறது, அவளைக் கேட்காதீர்கள்” போதும். அம்மா, நீங்களும் இரவு முழுக்க இதையே பேச வேண்டாம். தினமும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். மணி ஆனதும் வேறு பேச்சு.

கேள்வி: ரிலாக்ஸாக இருக்க...

பதில்: முதல் பதில்!

கேள்வி: இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது.

பதில்: மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள். தோழி, இதற்கு நாளை வரை காத்திருக்க வேண்டாம். இன்றே பக்கத்தில் இருப்பவரிடம் இந்த வரியை அப்படியே சொல்லுங்கள். அவரோடு மனநல மருத்துவரிடமோ அவசரப் பிரிவுக்கோ போங்கள். சிகிச்சைத் தேதி தள்ளிப்போனால் போகட்டும். கிளம்பியதும் இங்கே ஒரு வார்த்தை எழுதுங்கள், காத்திருக்கிறேன்.