சின்ன தனியார் கல்லூரியில் தகவல் பாதுகாப்பை எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர் ராணிப்பேட்டை பக்கம் ஒரு கலைக் கல்லூரியின் லேப் அசிஸ்டென்ட். நெட்வொர்க்கைப் பார்க்கத் தனி ஆள் இல்லை, தாளாளர் ஃபயர்வாலுக்கு (இணையத்திலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் கருவி) கொட்டேஷன் கேட்கிறார், வாங்கலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஆபீஸ் ரூமைச் சரிசெய்யுங்கள். குடியாத்தம் ஆகட்டும் ஆரணி ஆகட்டும், இந்த அளவுக் கல்லூரிகளில் ஃபீஸ், அட்மிஷன், டிசி எல்லாம் பெரும்பாலும் ஒரே பிசியில்தான் ஓடும். மாணவர்களின் ஆதார், சாதிச் சான்றிதழ் ஸ்கேன்களும் அதிலேயே, 'எவ்ரிஒன்' என்று ஷேர் செய்த ஃபோல்டரில் கிடக்கும்.

சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்தவர் தன் வசதிக்கு, தூரத்திலிருந்து பிசியை இயக்கும் எனிடெஸ்க்கில் நிரந்தர பாஸ்வேர்டு வைத்திருப்பார், இல்லையென்றால் ரவுட்டரில் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசலான 3389 போர்ட்டைத் திறந்துவிட்டிருப்பார். ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் இணையம் முழுக்கத் துழாவுவது இந்த 3389-ஐத்தான். கல்லூரி சின்னதா பெரியதா என்று அந்த ஸ்கேனுக்குத் தெரியாது. ஃபயர்வால் வாங்கினாலும் வெண்டர் போன் செய்ததும் அதே போர்ட்டைத் திறந்துவிடப் போகிறோம், பிறகென்ன பயன்? ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' பக்கத்தைக் காலி செய்யுங்கள். எனிடெஸ்க்கில் 'அன்அட்டெண்டட் ஆக்சஸ்' வேண்டாம். இங்கே ஒருவர் 'அக்செப்ட்' அழுத்தினால் மட்டும் அவர் உள்ளே வரட்டும்.

அடுத்தது பேக்கப். பலரும் ஏமாறுவது இங்கேதான். இந்த சாஃப்ட்வேர்கள் பலவும் மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஓடுபவை. அதில் ஏஜென்ட் கிடையாது. அதாவது தானாக பேக்கப் எடுக்கும் வேலையை அது செய்யாது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் தினமும் மாலை 6 மணிக்கு ஓடும்படி நீங்கள்தான் கட்டளை எழுதி வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் ஃபைலை நேராக காப்பி செய்யப் பார்த்தால் 'ஃபைல் இன் யூஸ்' என்று நின்றுவிடும். எடுத்த பேக்கப்பை வைக்க 2 எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி வாரம் ஒன்றாக மாற்றுங்கள். மற்றது பீரோவில் இருக்கட்டும். பிசியிலேயே செருகிக் கிடக்கும் டிஸ்க்கையும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும். மாதம் ஒரு முறை லேப் பிசி ஒன்றில் ரீஸ்டோர் செய்து நேற்றைய ஃபீஸ் ரசீது வருகிறதா என்று பாருங்கள், பார்த்ததும் அங்கிருந்து அழித்துவிடுங்கள்.

மாணவர் வைஃபையும் ஆபீஸும் ஒரே சுவிட்சில் இருந்தால் பிரியுங்கள். விலான் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் முறை) தெரியாதென்றால் ஆபீஸுக்குத் தனி பிராட்பேண்ட், தனி ரவுட்டர், தனி சுவிட்ச். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் யாருக்கும் புரியும். கெடுவது பிரிண்டரால்: யாராவது லேப்பிலிருந்து பிரிண்ட் எடுக்க ஒரு கேபிளை இழுத்து இரண்டு சுவிட்சையும் இணைத்துவிடுவார்கள். கூடவே ஐபி குழம்பி நெட் விட்டுவிட்டு வரும். அப்படி வந்தால் முதலில் அந்தக் கேபிளைத் தேடுங்கள்.

ஜெராக்ஸ் கடை போய்வந்த பென் டிரைவ் ஆபீஸ் பிசியில் நுழையக் கூடாது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. கிராக் போட்ட விண்டோஸ் எந்தப் பதிப்பானாலும் தூக்குங்கள். கல்லூரி ஜிமெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வேண்டும், வேலையை விட்டுப் போன கிளார்க்கின் போன் நம்பர் அதில் ரெகவரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெப்சைட்டை மறந்துவிடுவார்கள். கூகுளில் கல்லூரிப் பெயரோடு 'கேசினோ' என்று சேர்த்துத் தேடுங்கள். உங்கள் தளத்திலேயே சூதாட்டப் பக்கங்கள் வந்தால், வேர்ட்பிரஸ்ஸில் யாரோ இலவசமாக இறக்கிப் போட்ட திருட்டு தீம் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம்.

தாளாளர் இழுத்தடித்தால் ஒரு எண் சொல்லுங்கள்: 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தக்க பாதுகாப்பு இல்லாமல் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை.

ஏற்கெனவே ரான்சம்வேர் பூட்டிவிட்டால் லேன் கேபிளைப் பிடுங்குங்கள். ஃபார்மட் அடிக்காதீர்கள், தடயம் போய்விடும். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தகவல் தர அதன் 2022 ஏப்ரல் உத்தரவு தரும் அவகாசம் 6 மணி நேரம்.