ஆன்டிபயாட்டிக் சாப்பிடறவங்க கேட்ட கேள்விகள்

ஆன்டிபயாட்டிக் பத்தின கேள்விங்களே நிறைய சேர்ந்துபோச்சு, அதனால இந்த தடவை முழுக்க அதையே எடுத்துக்கலாம். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். டாக்டர் எழுதற சீட்டுல மருந்து பேர் மட்டும் முக்கியம் இல்லீங்க, எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒரு தடவை, எத்தனை நாள், எதோட சேர்க்கக்கூடாதுன்னு எல்லாம் சேர்ந்தாதான் அது மருந்து. பேர் சரியா இருந்தும் மத்தது தவறிப்போனதாலதான் கீழ வர்ற பிரச்சனைங்க பாதி வந்திருக்கு.

மேடம், தொண்டை இன்ஃபெக்‌ஷனுக்கு அமாக்ஸிசிலின் 500 மில்லிகிராம் தினம் 3 வேளை எழுதியிருக்காங்க. நான் சாப்பாட்டு நேரத்துல போட்டுக்கறேன், காலைல 9, மதியம் 1, ராத்திரி 9. இது ஓகேவா?

3 வேளைன்னா 3 சாப்பாடுன்னு நம்ம எல்லாருக்குமே மனசுல பதிஞ்சுபோச்சு. ஆனா உங்க கணக்கை பாருங்க, முதல் இடைவெளி 4 மணி நேரம், அடுத்தது 8, ராத்திரி 12 மணி நேரம். அமாக்ஸிசிலின் ரத்தத்துல இருந்து ரொம்ப வேகமா வெளிய போயிடும், சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதி பாதியா குறைஞ்சுக்கிட்டே வரும். பென்சிலின் குடும்பத்து மருந்துங்க எல்லாம் ஒரே நேரத்துல எவ்வளவு உச்சத்துக்கு போச்சுங்கறதை வெச்சு வேலை செய்யாது, தேவையான அளவுக்கு மேல எவ்வளவு நேரம் ரத்தத்துல நின்னுச்சுங்கறதை வெச்சுதான் கிருமியை கொல்லும். அப்ப அந்த 12 மணி நேர இடைவெளியில கிருமி திரும்ப பெருக ஆரம்பிச்சிடலாம்.

அதனால காலை 6, மதியம் 2, ராத்திரி 10 மாதிரி வெச்சுக்கோங்க. அரை மணி, ஒரு மணி முன்ன பின்ன ஆனா ஒண்ணும் ஆகாது, நடுராத்திரி அலாரம் வெச்சு எழுந்திருக்க எல்லாம் வேண்டாம். அமாக்ஸிசிலினை சாப்பாட்டுக்கு முன்னாடியும் போடலாம் பின்னாடியும் போடலாம், அதனால மணியை பாருங்க, தட்டை பாக்க வேண்டாம். அதே மருந்தோட கிளாவுலானிக் ஆசிட் சேர்ந்து வர்ற மாத்திரைன்னா சாப்பிட ஆரம்பிக்கும்போதே போட்டுக்கணும், வயிறு அவ்வளவா கெடாது.

பக்கத்துல ஒருத்தர் தினம் ஒரு மாத்திரை 3 நாள் போட்டு சரியாயிட்டாரே, எனக்கு மட்டும் ஏன் இத்தனைன்னு தோணலாம். அவர் போட்டது அஸித்ரோமைசின் மாதிரி ஏதாவதா இருக்கும், அது திசுக்குள்ள போய் நாள் கணக்குல தங்கும், மாத்திரை நிறுத்தினப்புறமும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். ஒரு மருந்தோட கணக்கை இன்னொண்ணுக்கு போடவே முடியாது.

ரெண்டு நாள்ல ஜுரம் விட்டுடுச்சு. மீதி மாத்திரையை நிறுத்திடலாமா? கோர்ஸ் முடிக்கணும்னு ஒரு பக்கம், தேவையில்லன்னு இன்னொரு பக்கம், எதை நம்பறது?

ரெண்டு பக்கத்துலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, அதனாலதான் குழப்பம். ஜுரம் விடறது கிருமி குறைஞ்சிருக்குன்னு காட்டும், போயிடுச்சுன்னு காட்டாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால வர்ற தொண்டை வலி 3, 4 நாள்லயே விட்டுடும், ஆனா அதுக்கு பென்சிலின், அமாக்ஸிசிலினை வழக்கமா 10 நாள் குடுக்கறாங்க, ஏன்னா அந்த கிருமி தொண்டைல மிச்சம் இருந்தா சிலருக்கு, அதுலயும் குழந்தைங்களுக்கு, பின்னாடி ருமாட்டிக் ஜுரம் வந்து இதய வால்வையே கெடுத்துடலாம். தொண்டை வலி போச்சுன்னு நிறுத்தினவங்களுக்கு அது எப்படி தெரியும் சொல்லுங்க?

இன்னொரு பக்கம், தேவைக்கு மேல நாள் கணக்கா சாப்பிட்டா குடல்லயும் தோல்லயும் இருக்கற மத்த பாக்டீரியாவும் அந்த மருந்துக்கு பழகி எதிர்ப்பு சக்தி வளர்த்துக்கும். அதனாலதான் முன்னாடி 10 நாள் குடுத்த பல வியாதிக்கு இப்ப டாக்டர்களே நாளை குறைச்சிட்டாங்க, சிக்கல் இல்லாத நிமோனியா நல்லா தேறி வந்தா பெரியவங்களுக்கு 5 நாளே போதும்னு ஆகியிருக்கு. பென்சிலினை கண்டுபிடிச்ச அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945ல நோபல் பரிசு வாங்கினப்பவே, ஆளுங்க தானா வாங்கி அளவு பத்தாம சாப்பிட்டு கிருமிக்கு பழக்கிவிட்டுடுவாங்கன்னு எச்சரிச்சார். 2019ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால நேரடியா இறந்திருப்பாங்கன்னு ஆராய்ச்சியாளர்கள் கணக்கு போட்டாங்க, அதை படிச்சப்புறம் இந்த விஷயத்தை லேசா எடுத்துக்க எனக்கு மனசே வரல.

அதனால நான் சொல்றது, நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா நீட்டவும் செய்யாதீங்க. டாக்டருக்கு ஒரு ஃபோன் போட்டு "ஜுரம் விட்டுடுச்சு, எத்தனை நாள் கண்டிப்பா வேணும்"னு கேளுங்க. எந்த கிருமி, அதுக்கு எந்த மருந்து கேக்கும்னு பாக்கற கல்ச்சர் டெஸ்ட் குடுத்திருந்தா ரிசல்ட்டையும் சேர்த்து கேளுங்க, அதை பாத்துட்டு டாக்டரே நிறுத்த சொல்லலாம், இல்ல வேற மருந்துக்கு மாத்தலாம். அதே மாதிரி 2, 3 நாள் ஆகியும் ஜுரம் கொஞ்சம்கூட குறையலன்னா கோர்ஸ் முடியட்டும்னு காத்திருக்காதீங்க, திரும்ப போய் காட்டுங்க.

ஒரு வேளை மறந்துட்டா அடுத்த வேளைக்கு ரெண்டா போட்டுக்கலாமா?

வேண்டாம். ஞாபகம் வந்தவுடனே போட்டுக்கோங்க. அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிடுச்சுன்னா விட்டதை விட்டுட்டு வழக்கம்போல தொடருங்க. அடிக்கடி மறந்துபோகுதுன்னா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, நாளைக்கு ஒரு வேளையோ ரெண்டு வேளையோ போடற மருந்து ஒத்துவருமான்னு அவங்க பாப்பாங்க.

டாக்ஸிசைக்ளின் ராத்திரி படுக்கும்போது போட்டேன், காலைல இருந்து நெஞ்சுல எரிச்சல், எச்சில் முழுங்கினாகூட வலிக்குது. ஜெலுசில் குடிச்சும் கேக்கல. இது அலர்ஜியா?

அலர்ஜி மாதிரி தெரியல. தண்ணி கொஞ்சமா குடிச்சுட்டு உடனே படுத்திருப்பீங்க, கேப்ஸ்யூல் உணவுக்குழாய்லயே ஒட்டிக்கிட்டு அங்கயே கரைஞ்சு புண்ணாக்கியிருக்க வாய்ப்பு அதிகம். டாக்ஸிசைக்ளின்ல இது அடிக்கடி நடக்கறதுதான். இதை ஒரு டம்ளர் நிறைய தண்ணியோட, உக்காந்தோ நின்னோதான் போடணும், அப்புறம் குறைஞ்சது அரை மணி நேரம், முடிஞ்சா ஒரு மணி நேரம் படுக்கக்கூடாது. ராத்திரி வேளையை படுக்கற நேரத்துல இருந்து முன்னாடி தள்ளி, சாப்பாட்டோட வெச்சுக்கறது நல்லது. இன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க, புண்ணு மேல திரும்ப அதே கேப்ஸ்யூலை போடறதா இல்ல மருந்தை மாத்தறதான்னு அவங்க முடிவு பண்ணட்டும். முழுங்கவே முடியலன்னாலோ ரத்தமா வாந்தி வந்தாலோ காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.

அப்புறம் அந்த ஜெலுசில் விஷயம், இதை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. ஜெலுசில் மாதிரி நெஞ்செரிச்சலுக்கு குடிக்கற ஆன்டாசிட்ல இருக்கற அலுமினியம், மெக்னீசியம், அதே மாதிரி கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை, ஜிங்க் இதெல்லாம் டாக்ஸிசைக்ளினை வயித்துக்குள்ளயே கட்டிப்போட்டுடும், மருந்து ரத்தத்துக்கே போகாது, நீங்க நேரத்துக்கு போட்டும் போடாத மாதிரி ஆயிடும். சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கும் இதே கதைதான், அதை இந்த மாதிரி மாத்திரைங்களுக்கு 2 மணி நேரம் முன்னாடி இல்லன்னா 6 மணி நேரம் கழிச்சு போடணும், வெறும் பாலோட குடிக்கவும் கூடாது. டாக்ஸிசைக்ளினுக்கு பால் அவ்வளவு பெரிய தடை இல்ல, இரும்பும் ஆன்டாசிட்டும்தான் பிரச்சனை. இன்னொண்ணு, டாக்ஸிசைக்ளின் போடற நாள்ல வெயில் பட்டா தோல் சீக்கிரமே சிவந்து எரியும், மூடி போத்திக்கிட்டு போங்க.

குழந்தைக்கு பவுடர்ல தண்ணி கலக்கற சிரப் குடுத்திருக்காங்க. கொஞ்சம் மிச்சம் இருக்கும் போல, அடுத்த தடவைக்கு வெச்சுக்கலாமா? ஸ்பூன்ல குடுத்தா போதுமா?

வெச்சுக்க வேண்டாங்க. கலக்கிட்டா அந்த மருந்து கொஞ்ச நாள்தான் தாங்கும், மருந்தை பொறுத்து 7 நாள், 10 நாள், 14 நாள்னு லேபிள்ல இருக்கும், ஃப்ரிட்ஜ்ல வைக்கணுமான்னும் அதுலயே போட்டிருக்கும். கலக்கின தேதியை பாட்டில் மேலேயே எழுதிடுங்க. கொதிக்க வெச்சு நல்லா ஆறின தண்ணியை கோடு வரைக்கும் சரியா ஊத்தணும், சூடா ஊத்தக்கூடாது. மருந்து அடில தங்கிடும், அதனால ஒவ்வொரு தடவையும் நல்லா குலுக்கணும், இல்லன்னா முதல் நாள் வெறும் தண்ணி மாதிரியும் கடைசி நாள் ரொம்ப கெட்டியாவும் குழந்தைக்கு போகும். சமையலறை ஸ்பூன் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு, மில்லிலிட்டர் கோடு போட்ட சிரிஞ்ச் இல்லன்னா பாட்டிலோட வர்ற அளவு மூடியை மட்டும் எடுத்துக்கோங்க.

போன தடவை மிச்சமான மாத்திரையை இப்ப சளிக்கு போடலாமா?

சளி, ஃப்ளூ எல்லாம் வைரஸ். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒண்ணும் பண்ணாது, பக்கவிளைவு மட்டும்தான் உங்களுக்கு மிஞ்சும். மிச்சத்தை பார்மசிஸ்ட்கிட்ட குடுத்து அப்புறப்படுத்த முடியுமான்னு கேளுங்க, டாய்லெட்ல கொட்டாதீங்க.

மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து லூஸ் மோஷன், கைல லேசா தடிப்பு. எது சாதாரணம், எதுக்கு பயப்படணும்?

நாளைக்கு ரெண்டு மூணு தடவை லேசா வயிறு போறது நிறைய பேருக்கு வரும், தண்ணி நல்லா குடிங்க, மாத்திரை முடிஞ்சா அடங்கிடும். ஆனா தண்ணியா அடிக்கடி போகுது, ரத்தம் கலந்திருக்கு, வயித்து வலி ஜுரம்னு இருந்தா அது க்ளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில்ங்கற கிருமியா இருக்கலாம். நல்ல பாக்டீரியா அழிஞ்ச இடத்துல அது வளரும், கோர்ஸ் முடிஞ்சு சில வாரம் கழிச்சுகூட வரும், அதனால டாக்டர்கிட்ட போகும்போது ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதை கண்டிப்பா சொல்லுங்க. மோஷனை நிறுத்தற மாத்திரையை நீங்களா போடாதீங்க.

தடிப்பு வந்தா அடுத்த வேளை போடறதுக்கு முன்னாடியே டாக்டரை கேக்கணும். உதடு, நாக்கு, முகம் வீங்கினா, மூச்சு இழுத்தா, தலை சுத்தி மயக்கம் வந்தா ஒரு நிமிஷம்கூட தாமதிக்காம எமர்ஜென்சிக்கு போங்க. தோல் கொப்பளிச்சு உரிஞ்சு, வாய், கண்ணுல புண்ணு வந்து ஜுரமும் இருந்தா அதுவும் எமர்ஜென்சிதான், சல்ஃபா மருந்துல இது அபூர்வமா வரும்.

பெரிய ஆபத்து இல்லன்னாலும் என்ன மருந்து, எத்தனாவது நாள், எப்படி வந்துச்சுன்னு எழுதி வெச்சுக்கோங்க, முடிஞ்சா ஃபோட்டோ எடுத்துக்கோங்க. பென்சிலின் அலர்ஜின்னு சொல்றவங்கள 10 பேர்ல 9 பேருக்கு டெஸ்ட் பண்ணினா அலர்ஜியே இருக்காது, சின்ன வயசுல வைரஸ் ஜுரத்துல வந்த தடிப்பை மருந்து மேல போட்டிருப்பாங்க. அந்த ஒரு வார்த்தையால ஆயுசு முழுக்க நல்ல மருந்தை விட்டுட்டு வேற மருந்துக்கு போகவேண்டி வருது, அதனால டாக்டர்கிட்ட டெஸ்ட் பத்தி கேளுங்க. நீங்களா போட்டு பாக்காதீங்க.

அப்பாவுக்கு பல்லு வீங்கி பல் டாக்டர் மெட்ரோனிடசோல் குடுத்தார், ரெண்டு நாளா போடறார். அவர் ரத்தம் கட்டாம இருக்க வார்ஃபரினும், சுகர் மாத்திரையும் சாப்பிடறாரு, பல் டாக்டர்கிட்ட சொல்ல மறந்துட்டோம். ஏதாவது ஆகுமா?

நீங்க கேட்டது ரொம்ப நல்லதுங்க, இதை இன்னைக்கே கவனிக்கணும். மெட்ரோனிடசோல் வார்ஃபரினை உடம்புல இருந்து வெளிய போகவிடாம தடுக்கும், அதனால ரத்தம் உறையற வேகம் இன்னும் குறைஞ்சுபோய் ரத்தக்கசிவு வரலாம். கோ-ட்ரைமாக்ஸசோல், சிப்ரோஃப்ளாக்ஸசின், கிளாரித்ரோமைசினும் இப்படித்தான். சுகர் மாத்திரைல கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி இருந்தா கோ-ட்ரைமாக்ஸசோலோ சிப்ரோஃப்ளாக்ஸசினோ சேரும்போது சுகர் ரொம்ப கீழ இறங்கிடலாம், அப்பாவுக்கு குடுத்தது அது இல்ல, ஆனாலும் அடுத்த தடவைக்கு தெரிஞ்சிருக்கட்டும். மெட்ரோனிடசோல் போடறப்பவும் முடிஞ்சு 3 நாள் வரைக்கும் மது வேண்டாம்.

இப்ப பல் டாக்டர், வார்ஃபரின் எழுதின டாக்டர் ரெண்டு பேருக்கும் ஃபோன் பண்ணி ரெண்டு மருந்து பேரையும் சொல்லுங்க. அப்பாவா எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், வார்ஃபரினை திடீர்னு நிறுத்தினா ரத்தம் கட்டிக்கும். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கற ஐஎன்ஆர் டெஸ்ட் எப்ப எடுக்கணும்னு கேட்டு அன்னைக்கே எடுத்துடுங்க. ஈறுல, மூக்குல ரத்தம் நிக்காம வந்தாலோ, மலம் கருப்பா போனாலோ, கடுமையா தலை வலிச்சாலோ நேரா எமர்ஜென்சி. மெட்ரோனிடசோல் முடிஞ்சப்புறமும் இன்னொரு தடவை ஐஎன்ஆர் எடுக்கணும், ஏன்னா நடுவுல வார்ஃபரின் அளவை குறைச்சிருந்தாங்கன்னா அப்ப அந்த குறைச்ச அளவு அப்பாவுக்கு பத்தாது.